கரண்ட் கேட்டு வந்தவர்

பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் படலையை யாராவது மெதுவாகத் தட்டினால் அது ரேடியோ அன்ரியாகத்தான் இருக்கும். படலை ஆவென்று திறந்து கிடந்தாலும் வெளியே நின்று தட்டுவார். வாங்கோ என்று சொன்னால்தான் உள்ளே வருவார். கதிரையைக் காட்டினால்தான் இருப்பார். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கறுப்புக் குடை. அதை மடக்கிச் சுவரோரம் சாத்தும்போதும் "இதில வைக்கலாமோ?" என்று ஒரு கேள்வி. அதன் பிறகுதான் வந்த காரியம் வெளியே வரும்.

"பிள்ளை, கையில வேலையோ? ஒரு அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கரண்ட் தரேலுமோ?"

சீனி கேட்டு வருபவர்களை எனக்குத் தெரியும். கறிவேப்பிலை கேட்டு வந்து முழு மரத்தையும் மொட்டையடித்துவிட்டுப் போனவர்களையும் தெரியும். கரண்ட் கேட்டு வந்த மனுசியை வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். அம்மாவும் அப்பாவும் கண்ணை மூடிய பிறகு நானும் தம்பியும் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் கிழமை அது. கேக் சுட்டு விற்பது என் தொழில். ஓவனுக்குள் ஒரு பட்டர் கேக் பாதி வெந்துகொண்டிருந்தது. இந்த மனுசிக்கு ஏதோ மண்டைப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒழுங்கை கரண்ட் கம்பியின் கடைசி வால். பெருந்தெருவில் உள்ள கடைகளும் வீடுகளும் எடுத்து மிஞ்சியதுதான் எங்களுக்கு வரும். பின்னேரமானால் ஒரு வீட்டில் தண்ணி மோட்டர் ஓடும், இன்னொரு வீட்டில் அயன் பெட்டி சூடாகும், ஒழுங்கை முகப்பில் கிண்ணியாவிலிருந்து வந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரின் வெல்டிங் பட்டறை பொரிந்து தள்ளும். என் ஓவனும் சேர்ந்துகொண்டால் பல்புகள் எல்லாம் தூக்கம் வந்த பிள்ளைகள் மாதிரிக் கண் செருகும்.

அன்ரியின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. மற்றவர்கள் ரீவி வைக்கும் இடத்தில் அவர் ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி வைத்திருந்தார். பழைய கப்பல் ஒன்றின் ரேடியோ அறையைக் கழற்றி விற்றபோது வாங்கியதாம். முன்பக்கத்துச் சல்லடைத் தகட்டின் வழியே ஊறுகாய்ப் போத்தல் பருமனில் இரண்டு கண்ணாடி வால்வுகள் தெரியும். மேசையில் இருந்த சின்ன ரேடியோவின் குரலை இந்தப் பெட்டிதான் பெருக்கி, கூரைக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பி வழியாக ஆழ்கடலுக்கு அனுப்பும். அன்ரி துறைமுகத்தில் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாட்கணக்கில் ஆழ்கடலில் நின்று மீன் பிடிக்கும் பலநாள் படகுக்காரர்களின் சங்கம் கேட்டுக்கொண்டபடியால், கரைக்கும் அவர்களுக்கும் நடுவே அவருடைய முன்னறைதான் நிலையம். அனுமதிப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

படகுகள் பின்னேரம் ஐந்தரைக்கு ரேடியோவைப் போடும். பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் சற்று நேரத்தில் நிற்பாட்டிவிடும். அதற்குள் கதைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த நாள்தான். கரண்ட் குறைந்தால் வால்வுகள் மங்கிப்போகும், அன்ரியின் குரல் தூரத்துப் படகுகளை எட்டாது. அதற்காகச் சுவரில் ஒரு வோல்ற் மீற்றர் பூட்டி, அதன் கண்ணாடியில் நகப்பூச்சால் இரண்டு கோடு போட்டிருந்தார். கீழே ரோஸ், மேலே சிவப்பு. முள் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். தன் நகத்துக்கு ஒரு நாளும் பூச்சுப் போடாத மனுசி, மீற்றருக்குப் போட்டிருந்தார்.

சங்கத்தார் ஒரு ஜெனரேற்றர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்களாம். அதன் இரைச்சல் ரேடியோவுக்குள் புகுந்து படகுக்காரர்களின் குரலை விழுங்கிவிட்டது. ஆகவே மிச்சம் இருந்த ஒரே வழி அயலட்டையிடம் கேட்பது.

முதல் நாள் நான் கேக்கைக் காட்டினேன். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார், சொன்னேன். அப்படியென்றால் வெந்து முடியட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் படலைக்குப் போய்விட்டார். இரண்டாம் நாளும் வந்தார். நான் நல்ல பிள்ளை இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கரண்ட் குறைவால் நடுவில் குழிவிழுந்த ஒரு கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது. ஏலாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். அன்ரி தலையை ஆட்டி, "நன்றி பிள்ளை, சொன்னது நல்லது" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மாட்டேன் என்று சொன்னதற்கு ஒருவர் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. கரண்ட் குறைந்த அந்தப் பின்னேரம் அவர் கிட்ட நின்ற படகுகளோடு மட்டும் கதைத்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் திரும்பி வந்து சண்டை பிடித்திருந்தால் நானும் சந்தோசமாகப் பிடித்திருப்பேன். அவர் பிடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே நான் கேக் அடிக்கும் வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஓவன் தணிந்து கிடக்கும் என்று தெரிந்த பிறகும் அவர் ஒவ்வொரு நாளும் வந்து கேட்பதை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் அவருக்கு யோசனை சொன்னேன். வீடு வீடாக அலையாமல் ஐந்து மணிக்கு ஒரு மணியை அடித்துவிட்டால் போதுமே, இல்லாவிட்டால் எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி அனுப்பினால் போதுமே என்று.

"மணி அடிச்சால் அது கட்டளை, பிள்ளை" என்றார் அன்ரி. "கேக்கிறதெண்டால் வாசலுக்கு வரவேணும். ஏலாது எண்டு சொல்லுறவைக்கு ஒரு முகம் தெரிய வேணுமெல்லோ."

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவர் ரேடியோவுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது. முதலில் வால்வுகளுக்குச் சூடு ஏற்றுவார். அவை செம்மஞ்சளாக வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். பிறகு பெரிய சுவிச்சைப் போடுவார். மைக்கைப் பிடித்ததும் கதைக்கத் தொடங்கமாட்டார். "இந்த அலைவரிசையில ஆராவது கதைச்சுக்கொண்டு இருக்கிறியளோ? நான் கதைக்கலாமோ?" என்று கேட்பார். காத்திருப்பார். பதில் இல்லையென்றால் மறுபடியும் கேட்பார். அதன் பிறகும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால்தான் தன் கதையைத் தொடங்குவார்.

ரேடியோக்காரர் எல்லோருக்கும் உள்ள முறை இதுதான் என்று சொன்னார். எங்கோ இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருப்பார்கள், நமக்குக் கேட்காது. கேட்கவில்லை என்பதற்காக அங்கே ஆள் இல்லை என்று நினைத்து அவர்கள் மேல் ஏறி விழக்கூடாதாம். மற்ற ரேடியோக்காரர்கள் இந்த முறையை ரேடியோவோடு விட்டுவிடுவார்கள். அன்ரி அதை ஒழுங்கைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

பூசைக்குப் போன கோவிலில் யாருமே இல்லாத வாங்குப் பலகையில் இருக்கப் போனாலும் பக்கத்து வாங்கில் இருப்பவரிடம் கேட்பார். கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மான்கள் சில நாள் எங்கள் ஒழுங்கையில் வந்து, வாழைப்பழத் தோலுக்காகப் படலைகளை மறித்துக்கொண்டு நிற்கும். நாங்கள் கையைத் தட்டிக் கலைப்போம். அன்ரி, "கொஞ்சம் விலகேலுமோ?" என்று மானிடம் கேட்டுவிட்டு நிற்பார். மான் வாயை அசைபோட்டுக்கொண்டு அவரைப் பார்க்கும். அது தன் பாட்டில் நகரும் வரை வெயிலில் நின்ற மனுசியை என் இரண்டு கண்ணாலும் கண்டிருக்கிறேன். பிற்காலத்தில் மன்னாரில் உள்ள தங்கையிடம் போய்விட முடிவு செய்து, ரேடியோப் பெட்டியைப் போர்வையில் சுற்றி ஏற்றும்போதுகூட, தான் வாடகைக்குப் பிடித்த லொறிக்காரனிடம் "இதை உங்கட லொறியில வைக்கலாமோ, தம்பி?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஓம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன்.

நானாவுக்கும் அவருக்கும் நடந்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். வெல்டிங் பட்டறைதான் ஒழுங்கையிலேயே பெரிய வாய். நானா நல்ல மனுசன், கேட்டவுடன் நிற்பாட்டிவிடுவார். ஒரு நாள் மட்டும், மூதூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு இரும்புக் கேற் அன்றே போக வேண்டும் என்று, இண்டைக்கு ஏலா என்று சொல்லிவிட்டார். படகில் ஆள் அனுப்பிய வீடுகள் கொதித்துப்போயின. பட்டறைக்கு முன்னால் நாலு பேர் கூடிவிட்டார்கள். அன்ரி அவர்களுக்கு நடுவே புகுந்து, நானா சொன்னது சரிதான் என்று சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். அவர் இண்டைக்கு ஏலாது எண்டு சொன்னபடியால்தான் மற்ற நாள் அவர் சொன்ன ஓம் உண்மையான ஓம் என்று எனக்குத் தெரியும் என்றாராம். அடுத்த நாளிலிருந்து நானா அன்ரி வருவதற்கு முன்பே கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றார். அன்ரி அவரிடமும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது, தம்பி படகில் ஏறும் வரை. கரையில் கிடைத்த வேலை ஒன்றும் அவனுக்கு ஒத்துவரவில்லை. ஒரு பலநாள் படகில் இடம் கிடைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு ஐந்து மணிப் படலைத் தட்டலுக்கு நான் காது கொடுத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினேன். கதைத்து முடித்ததும் அன்ரி குடையோடு மறுபடி வருவார். தம்பியாக்கள் சுகமாம், சூரை மீன் பட்டிருக்காம், அக்காவுக்குச் சொல்லச் சொன்னவனாம் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த நாலு சொல்லில் எனக்கு அன்றைய சோறு இறங்கும்.

கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள். கடலில் தாழமுக்கம் வலுக்கிறது, வெளியே நிற்கும் படகுகள் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று மத்தியானம் அறிவித்தல் வந்தது. கிட்ட நின்ற படகுகள் வானத்தைப் பார்த்தே திரும்பியிருந்தன. தம்பியின் படகு மட்டும் எல்லாவற்றிலும் தூரத்தில் நின்றது. அங்கே வானம் வெளித்துத்தான் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தரைக்கு அன்ரியின் குரல் அவர்களைப் போய்ச் சேராவிட்டால் அடுத்த நாள் வரை சேராது. அடுத்த நாள் காற்று அவர்கள் மேல் நிற்கும்.

எனக்குக் கை நிற்கவில்லை. ஒருவரும் கேட்காத ஒரு கேக்குக்கு மாவும் முட்டையும் சீனியும் அடித்து அடித்துக் கலவையை வெண்ணெய் மாதிரி ஆக்கிவிட்டேன். ஓவனைப் போடும் எண்ணம் இல்லை, சும்மா அடித்தேன்.

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. அன்ரி படலை தட்ட வெளிக்கிடும் முன்பே எல்லோரும் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டார்கள். பிரிஜ், மோட்டர், மின்விசிறி, முகப்பில் புதிதாக வந்த விடுதியின் ஏசிகள், ஏன், அந்தோனியார் சுருவச் சிலைக்கு முன்னால் எரிந்த சின்னப் பல்பு வரை. சிலர் வீட்டு மெயின் சுவிச்சையே இறக்கிவிட்டு விறாந்தையில் வந்து நின்றார்கள். அப்படியிருந்தும் அன்ரி மழைக்குள் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டார். எல்லாம் நிப்பாட்டியாச்சு என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். அவர் நன்றி சொன்னார். ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை.

நானும் நானாவும் அவருடைய முன்னறைக்குள் போனபோது காரணம் தெரிந்தது. மீற்றரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி அங்கால் நின்றது.

எங்கள் ஒழுங்கையில் கரண்ட் கூடிப்போகும் என்று எவன் கண்டான்? அன்ரி அந்த மாதம்தான், எங்கள் சோகைக் கரண்டுக்கு ஏற்றபடி, பெட்டிக்குள் வயரை மாற்றிப் பூட்டியிருந்தார். குறைவாக வந்தாலும் வால்வு நன்றாக எரிய வேண்டும் என்பதற்காக. இப்போது எல்லோரும் போட்டி போட்டு நிற்பாட்டியதில் மேலதிகமாக வந்து நிற்கிறது. இதில் சுவிச்சைப் போட்டால் வால்வு இரண்டும் எரிந்துபோகும், மாற்று வால்வு இலங்கையில் இல்லை. பெட்டியைத் திறந்து வயரைத் திருப்பிப் பூட்ட நேரமும் இல்லை. அன்ரியின் வீட்டில் கரண்ட் குடிக்கும் சாமான் என்று தண்ணி சுடவைக்கும் ஒரு கேத்தல்கூடக் கிடையாது. அவருடைய அயன் பெட்டி சிரட்டைக் கரி போடுகிற பெட்டி.

இதை எங்களுக்குச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் குடையைக் கையில் எடுத்தார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "கேட்டுக்கொண்டு திரியிற நேரமே இது, அன்ரி?" என்று கத்திவிட்டேன். "வாசல்ல நிண்டு ஒரு சத்தம் போடுங்கோவன்."

அன்ரி குடையைக் கீழே வைத்தார். "நீங்கள் இஞ்சதானே நிக்கிறியள் பிள்ளை, உங்களிட்டயே முதல் கேக்கிறன். உங்கட ஓவனைக் கொஞ்சம் போடேலுமோ?"

அவ்வளவு நாளும் என்னிடம் நிற்பாட்டச் சொல்லிக் கேட்ட அதே குரல். நான் ஓம் என்று சொன்னேனா, சொல்லவில்லையா தெரியாது. செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன். ஓவனை உச்சத்தில் போட்டேன். வெறும் ஓவனை எரியவிட எனக்கு மனம் வராது, என் தொழில் அப்படி. அடித்து வைத்த கலவையைத் தட்டில் ஊற்றி உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன்.

முள் இறங்கியிருந்தது. ஆனால் இன்னும் சிவப்புக்கு மேலேதான். நானா, வெல்டிங்கைக் கொளுத்தட்டா என்று கேட்டார். அதன் பொறி ரேடியோவுக்குள் விழுந்து காதைக் கிழிக்கும் என்று அன்ரி மறித்தார். பிறகு, உங்கட மனுசியிட்ட அயன் பெட்டி இருக்கோ, அவவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பீங்களோ என்றார். நானா பட்டறைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு ஓடினார். புயல் வரப்போகிற பின்னேரத்தில் அந்த மனுசி வீட்டில் இருந்த, நானா உடுத்துகிற சாரம், சேட்டு, ஜன்னல் சீலை எல்லாவற்றையும் அயன் பண்ணிக்கொண்டு நின்றது. முள் சிவப்புக்குக் கீழே வந்து நின்றது.

அன்ரி சூடு ஏற்றினார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வால்வுகள் செம்மஞ்சளானதும் பெரிய சுவிச்சைப் போட்டு மைக்கை எடுத்தார்.

"இந்த அலைவரிசையில ஆராவது கதைச்சுக்கொண்டு இருக்கிறியளோ? நான் கதைக்கலாமோ?"

அங்கே வேறு யார் இருக்கப்போகிறார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலையுங்கோ என்று எனக்கு வாய்வரை வந்தது. நானா என் தோளுக்குப் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். இரைச்சல்தான் கேட்டது. அன்ரி காத்திருந்தார். மறுபடியும் அதே சொல்லில், அதே பதனத்தோடு கேட்டார்.

இரைச்சலுக்குள் ஒரு பொடியனின் குரல் வந்தது. "ஒருத்தரும் இல்லை அன்ரி. நாங்கள்தான். கதையுங்கோ."

என் தம்பி.

அன்ரி விசயத்தைச் சொன்னார். திரும்பி வரேலுமோ, டீசல் காணுமோ என்று கேட்டார். படகோட்டி வந்து, இப்பவே திருப்புகிறோம் என்று சொன்னார். எல்லாம் முடிந்ததும் அன்ரி மைக்கை என் பக்கம் நீட்டி, "தம்பியோட கதைக்க விருப்பமோ?" என்றார். அவ்வளவு நாளும் அவனுக்குச் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, உன்ர சாரம் இன்னும் கொடியிலதான் கிடந்து நனையுது, வந்து எடு என்பதுதான். ஓம் அக்கா, வாறன் என்றான்.

அடுத்த நாள் பின்னேரம், காற்று எழும்புவதற்கு முன்னால், படகு உட்துறைமுகத்துக்குள் வந்தது. தம்பி கறுத்து, உப்புப் பூத்து, சிரித்துக்கொண்டு இறங்கினான். எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்தேன்.

அவனையும் கூட்டிக்கொண்டு, முதல் நாள் சுட்ட கேக்கையும் தூக்கிக்கொண்டு அன்ரியிடம் போனேன். என் ஓவன் முழுக் கரண்டைக் கண்டது அந்த ஒரு நாள்தான். கேக் தட்டின் விளிம்புக்கு மேலே எழும்பி, ஒரு குழி இல்லாமல், பொன்னிறமாக நின்றது. அப்படி ஒரு கேக் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்த்ததில்லை. அதைக் கொண்டுபோய் ரேடியோ மேசையில் அன்ரிக்கு முன்னால் வைத்து, முழுக்க உங்களுக்குத்தான் என்றேன். கத்தியையும் பக்கத்தில் வைத்தேன்.

அன்ரி கேக்கைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கத்தியைத் தொடவில்லை.

"பிள்ளை, நான் ஒரு துண்டு எடுக்கலாமோ?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று ஓம் என்று சொல்லாமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்ரி என் முகத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பதில் இல்லை என்று கண்டதும் மறுபடியும் கேட்டார்.